மாற்றியதை மேலே சொன்னார்களா? ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுகளுக்கு நடுவே இருக்கும் நம்பிக்கை பற்றி

ஓப்பன் சோர்ஸ் என்றால் ப்ரோகிராமின் கோடு (எழுதிய கட்டளை வரிகள்) திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதனால் நம்பலாம். வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமை லினக்ஸ் வகுப்புக்கு முதல்முறை வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அது தப்பில்லை, ஆனால் பாதிக் கதைதான். ஒரு ப்ராஜெக்ட்டின் கோடு திறந்திருக்கலாம், அதை எடுத்துப் பயன்படுத்தும் அடுத்த ப்ராஜெக்ட்டின் கோடும் திறந்திருக்கலாம், இருந்தும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதையும் சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் நடுவில் ஓர் ஓட்டை விழும். அதை இரண்டு பக்கமும் தன் பொறுப்பு என்று நினைக்காது. இங்கே எழுதப்போவது அந்த நடு இடத்தைப் பற்றித்தான்.

முதலில், தொடர்புள்ள ப்ராஜெக்ட்டுகள் என்றால் என்ன? எம்.சி. ரோடு பக்கம் ஒரு டிடிபி கடையில் உபுண்டு (விண்டோஸுக்குப் பதில் போடும் லினக்ஸ் வகை ஒன்று) போட்ட கம்ப்யூட்டரில், வேர்ட் மாதிரியான லிப்ரெ ஆபிஸைத் திறந்து கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்று அடித்தால் திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும், நடுவில் க, பின்னால் கால். ஆனால் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் அந்த வரிசை கிடையாது, முதலில் க, அப்புறம் ஒகரக் குறி, அவ்வளவுதான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னால் தள்ளி, ஃபான்ட்டிலிருந்து சரியான வடிவங்களை எடுத்து அடுக்குவது ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி (மற்ற ப்ரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோடு). ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாம் இதே லைப்ரரியைத்தான் நம்பியிருக்கின்றன. ஃபான்ட்டை வேறு யாரோ செய்திருப்பார்கள். இவற்றை டெபியன் என்ற லினக்ஸ் வகையைச் செய்கிறவர்கள் பேக்கேஜ் ஆக்குகிறார்கள் (இன்ஸ்டால் செய்யும்படி கட்டித் தருகிறார்கள்), உபுண்டு தன் பேக்கேஜ்களில் பெரும்பகுதியை டெபியனிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆக, ஒரு 'கொ' ஒழுங்காகத் தெரிய ஐந்து ப்ராஜெக்ட்டுகள் ஒத்துப்போக வேண்டும்.

இதில் கொம்பு இடம் மாறித் தெரிந்தால் கடைக்காரர் யாரிடம் போய்ச் சொல்வது? ஹார்ஃப்பஸ்ஸோடு ஹெச்பி-வியூ என்று ஒரு சின்ன கருவி கிடைக்கும், அதனிடம் ஃபான்ட்டையும் எழுத்தையும் நேராகக் கொடுத்துப் பார்க்கலாம். அதில் சரியாக வந்தால் சந்தேகம் லிப்ரெ ஆபிஸ் பக்கம் திரும்பும். அதிலும் தப்பாக வந்து, வேறு ஃபான்ட் போட்டால் சரியாகிவிட்டது என்றால் பழைய ஃபான்ட்டில்தான் கோளாறு. இவ்வளவையும் ஒரு வெளியாள் உட்கார்ந்து பார்க்க முடிகிறதென்றால், ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் தன் எல்லை எது, உள்ளே என்ன மாற்றினோம் என்பதை வெளியே தெரியும்படி வைத்திருப்பதால்தான்.

கோடு பிறக்கும் இடத்தை அப்ஸ்ட்ரீம் என்பார்கள், எடுத்துப் பயன்படுத்துகிறவர் டவுன்ஸ்ட்ரீம். டெபியன் ஹார்ஃப்பஸ்ஸுக்குக் கீழே இருக்கிறது, உபுண்டுவுக்கு மேலே. நம்ம ஊர் சி-டாக் (மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனம்) செய்த பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து வந்ததுதான், அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு தனிப் பெயரில் தனிக் குடித்தனம் போனால் அது ஃபோர்க்.

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து வந்து கொருக்குப்பேட்டைத் தெருவில் விற்கும் அக்காவிடம் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் எந்தப் படகு மீன், கடலில் எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்பதெல்லாம் செவுளைப் பார்த்தால் முழுசாகத் தெரிந்துவிடாது. அதை அக்காதான் சொல்ல வேண்டும், அவருக்கு ஏலம் விட்டவர் சொல்லியிருக்க வேண்டும். கோடு திறந்திருப்பது செவுளைத் தூக்கிப் பார்க்கும் உரிமை மாதிரி. சரக்கு கைமாறும்போது அதைப் பற்றிய விவரமும் சேர்ந்து கைமாறுகிறதா என்பது வேறு கேள்வி.

அந்த விவரம் சரியாகப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெபியனில் 2006-ல் நடந்ததைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் பூட்டு சாவி வேலையைப் பார்க்கும் லைப்ரரி. யாரும் ஊகிக்க முடியாத ராண்டம் எண்கள் கிடைத்தால்தான் அது உருப்படியான சாவி செய்ய முடியும், அதற்காகக் கிடைக்கிற இடத்திலிருந்தெல்லாம் ராண்டம் சரக்கைச் சேர்த்து உள்ளே கலக்கிக்கொண்டே இருக்கும். வால்கிரிண்ட் என்று நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் ஒரு கருவி உண்டு. அது ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பார்த்து, இன்னும் மதிப்பே எழுதாத இடத்தைப் படிக்கிறாய் என்று புகார் சொல்லிக்கொண்டே இருந்தது. புகார் காட்டியது பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வரிகளை, ஒரே ஃபைலில் இரண்டு வெவ்வேறு இடங்களில். டெபியனில் அந்த பேக்கேஜைப் பராமரித்தவர் இரண்டையும் எடுத்துவிட்டார். ஒன்றை எடுத்ததில் நஷ்டமே இல்லை. மற்றது, வெளியிலிருந்து வரும் ராண்டம் சரக்கு மொத்தத்தையும் உள்ளே கலக்கும் வரி. அது போன பிறகு மிஞ்சியது, ஓடும் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் சிஸ்டம் கொடுக்கும் ப்ராசஸ் எண் ஒன்றுதான், அது லினக்ஸில் வழக்கமாக 32,768-க்குள் அடங்கிவிடும். ஒரே வகை, ஒரே அளவு, ஒரே மாதிரி ப்ராசஸர் என்று எடுத்துக்கொண்டால் அந்த மெஷின்களில் உருவாகக்கூடிய சாவிகள் மொத்தமே 32,768-க்குள்தான். உட்கார்ந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

2006 செப்டம்பரில் போன மாற்றம் இது. லூசியானோ பெல்லோ என்ற டெபியன் டெவலப்பர் கண்டுபிடித்து, அறிவிப்பு வந்தது 2008 மே 13 அன்று. நடுவில் இருபது மாதம். அத்தனை நாளும் அந்த பேட்ச் (மாற்றிய வரிகளைக் காட்டும் ஃபைல்) எல்லோர் கண்ணுக்கும் முன்னால் திறந்துதான் கிடந்தது, உபுண்டுவும் டெபியனுக்குக் கீழே இருந்த மற்ற டிஸ்ட்ரோக்களும் (லினக்ஸ் வகைகளும்) அதை அப்படியே வாங்கிக்கொண்டன.

மாற்றியவர் யாருக்கும் தெரியாமல் செய்யவும் இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் டெவலப்பர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் அந்த வரிகளைக் காட்டிக் கேட்டிருக்கிறார். டீபக் செய்ய, அதாவது தவறுகளைத் தேடிப் பிடிக்க, உதவும் என்றால் எடுத்துவிடலாம் என்ற பொருளில் அங்கிருந்து பதிலும் வந்தது. கேட்டவர் மனதில் இருந்தது டெபியன் போட்ட எல்லா மெஷினுக்கும் போகப்போகிற பேக்கேஜ். பதில் சொன்னவர் ஒரு டெவலப்பர் தன் மேஜையில் டீபக் செய்வதற்காகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டார். 'இதோ முழு பேட்ச், இந்த வெர்ஷனில் எல்லோருக்கும் அனுப்பப்போகிறேன், உங்கள் கோட்டிலும் சேர்த்துக்கொள்கிறீர்களா' என்று ஒரு முறை மேலே போயிருந்தால், அந்த இரண்டாவது வரி எதற்கு இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் கண்ணில் பட்டிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. கோடு வெளியே இருக்கிறது என்பதால் மட்டும் அது தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடாது, கொண்டுபோய் அவர் கையில் கொடுக்க வேண்டும். நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

தெரிய வந்த பிறகு டெபியன் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரச்சினைகளை மறைக்க மாட்டோம் என்பது அவர்கள் 1997-ல் எழுதிவைத்த சமூக ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. தப்பு எங்களுடையது, அப்ஸ்ட்ரீமுடையது இல்லை என்று தெளிவாகச் சொன்னார்கள், எந்த வெர்ஷனிலிருந்து என்று சொன்னார்கள், பலவீனமான சாவிகளைக் கண்டுபிடிக்கக் கருவியும் கொடுத்தார்கள். டெபியனில் செய்த சாவியை வேறு சிஸ்டத்துக்குக் கொண்டுபோனவர்களும் மாட்டியிருந்தார்கள், அதனால் அந்த வெளிப்படையான அறிவிப்பு டெபியனையே தொடாதவர்களுக்கும் தேவைப்பட்டது.

இனி எதிர்த்திசையில் ஒரு கதை. லினக்ஸுக்கு டெஸ்க்டாப் செய்யும் கேடிஇ ப்ராஜெக்ட்டிடம் கேஹெச்டிஎம்எல் என்று, வெப் பக்கத்தைத் திரையில் வரையும் ஒரு பிரவுசர் இன்ஜின் இருந்தது. ஆப்பிள் அதை எடுத்து சஃபாரி செய்து 2003 ஜனவரியில் அறிவித்தது. லைசென்ஸ் கேட்டபடி மாற்றிய கோட்டைத் திருப்பிக் கொடுக்கவும் செய்தது. ஆனால் கொடுத்த விதம், மொத்தமாக ஒரு பெரிய மூட்டை. எந்த வரி எந்த பக்குக்காக (கோளாறுக்காக) மாறியது, எது முதலில் மாறியது, எதை எடுத்தால் எது உடையும் என்ற வரலாறு அதில் இல்லை. சும்மா இருக்கும் நேரத்தில் வேலை பார்க்கும் கேடிஇ ஆட்களால் அதைப் பிரித்து எடுத்துக்கொள்ள முடியவில்லை, வெளியில் இருப்பவர்களோ ஆப்பிள்தான் எல்லாம் கொடுத்துவிட்டதே, நீங்கள் ஏன் இன்னும் சேர்க்கவில்லை என்று அவர்களையே கேட்டார்கள். 2005-ல் கேடிஇ பக்கத்திலிருந்து இந்த வருத்தம் பகிரங்கமாக வெடித்தது. அந்த ஜூனிலேயே ஆப்பிள், அந்த இன்ஜினின் தன் வடிவமான வெப்கிட்டை, மாற்ற வரலாறும் பக் பட்டியலும் வெளியே தெரியும்படி, பொது ப்ராஜெக்ட்டாகத் திறந்தது. லைசென்ஸ் ஒரு எழுத்துகூட மாறவில்லை, மாறியது பழகும் விதம்தான். சட்டப்படி கடமை முடிந்துவிட்டது என்பதற்கும் எதிராளி பயன்படுத்திக்கொள்ளும்படி கொடுப்பதற்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

ஃபோர்க் ஆன குடும்பங்களிலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நிற்பதில்லை. 2011-ல், வீடியோ ஆடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக்கிலிருந்து லிப்ஏவி சண்டை போட்டுப் பிரிந்தது, இருந்தாலும் லிப்ஏவி பக்கம் நடந்த மாற்றங்களை எஃப்எஃப்எம்பெக் தொடர்ந்து உள்ளே எடுத்துக்கொண்டே இருந்தது. முதலில் லிப்ஏவி பக்கம் போன டெபியன் 2015-ல் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பி வந்தது. சில இடங்களில் லைசென்ஸே ஒருவழிப் பாதை ஆக்கிவிடும், அப்பாச்சி ஓப்பன் ஆபிஸ் கோட்டை லிப்ரெ ஆபிஸ் எடுத்துக்கொள்ளலாம், எதிர்ப்பக்கமாக அப்படியே எடுக்க முடியாது. இதையெல்லாம் முன்னாலேயே தெரிந்துகொண்டு பழகினால் மனக்கசப்பு குறையும்.

இதுவரை சொன்னவற்றில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் வந்தால்? 2024-ல் எக்ஸ்இசட் விவகாரம் அதுதான்.

எக்ஸ்இசட் என்பது ஃபைல்களைச் சுருக்கும் ஒரு கருவி, அதன் லைப்ரரி கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் எங்கேயாவது இருக்கும். லாசே காலின் என்பவர் பல வருடம் அதைக் கிட்டத்தட்ட தனியாளாக, ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். 2021 கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பேட்ச் அனுப்ப ஆரம்பித்தார். நல்ல பேட்ச்கள்தான். 2022-ல், அதுவரை யாரும் கேள்விப்படாத சில பெயர்கள் வந்து, வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளைச் சேருங்கள் என்று காலினை நெருக்கின. ஜியா டான் மெல்ல மெல்ல இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 பிப்ரவரி, மார்ச்சில் அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 வெர்ஷன்களுக்குள், யாருக்கும் தெரியாமல் நுழைய ஒரு பின்கதவு இருந்தது.

எப்படி ஒளித்தார் என்பதைக் கவனியுங்கள். பின்கதவின் சாமான் இருந்தது சோதனைக்காக வைக்கும் சுருக்கப்பட்ட ஃபைல்களுக்குள், அவை கிட் ரெப்போவிலேயே (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் பொது இடம்) இருந்தன, ஆனால் அவற்றைத் திறந்து வாசிக்க யாருக்கும் காரணம் இல்லை. அந்தச் சாமானை வெளியே எடுத்து பில்டுக்குள் (கோட்டை ஓடும் ப்ரோகிராமாக மாற்றும் வேலைக்குள்) நுழைக்கும் வரிகள் மட்டும் ரெப்போவில் கிடையாது, வெளியீட்டுக்காகக் கட்டித் தரும் டார்பால் என்ற மூட்டை ஃபைலில் மட்டும் இருந்தன. டெபியனும் ஃபெடோராவும் பில்டுக்கு எடுத்தது டார்பாலை. கோட்டைப் படிக்கிறவர்கள் படித்தது ரெப்போவை. டார்பாலில் பில்டுக்காகத் தானாக உருவாகும் ஃபைல்கள் கொஞ்சம் கூடுதலாக இருப்பது வழக்கம் என்பதால், இரண்டும் ஒன்றா என்று யாரும் ஒப்பிடவில்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். பின்கதவின் குறி ஓப்பன்எஸ்எஸ்ஹெச், ரிமோட் மெஷினுக்குள் நுழையப் பயன்படும் வாசல். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் எக்ஸ்இசட்டைப் பயன்படுத்தவே இல்லை! சர்வர் எழுந்துவிட்டது என்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியிடம் சொல்லவேண்டும் என்பதற்காக டெபியன், ஃபெடோரா மாதிரி டிஸ்ட்ரோக்கள் தங்கள் பேட்ச் ஒன்றின் மூலம் சிஸ்டம்டி லைப்ரரியை அதனோடு இணைத்திருந்தன, அந்த லைப்ரரி பதிவுகளைச் சுருக்க எக்ஸ்இசட்டை இழுத்துக்கொண்டு வந்தது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் ஆட்கள் எழுதிய கோட்டில் இந்த வழி இல்லை, எக்ஸ்இசட் ஆட்களுக்கும் இது அவர்கள் கோட்டில் தெரியாது. மூன்று ப்ராஜெக்ட்டுகளையும் டிஸ்ட்ரோவின் ஒரு பேட்ச் சேர்த்துக் கட்டியிருந்தது. தாக்கியவர் அந்த முடிச்சைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர். லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று தோண்ட ஆரம்பித்தார். சில வாரம் முன்னால் போஸ்ட்கிரெஸ் சோதனையில் வால்கிரிண்ட் ஏதோ விசித்திரமாகப் புகார் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. ஆமாம், அதே வால்கிரிண்ட். 2006-ல் அதன் புகாரை நிறுத்துவதற்காகத்தான் வரிகளை எடுத்தார்கள், இந்த முறை அதன் புகார் ஒரு துப்பு ஆனது. 2024 மார்ச் 29 அன்று தான் பார்த்ததையெல்லாம் படிப்படியாக எழுதிப் பொதுவில் வைத்தார். பெரிய டிஸ்ட்ரோக்களின் நிலையான வெளியீடுகளுக்குப் போவதற்கு முன்பே பிடிபட்டது.

இதைக் கேட்டதும் சில பிள்ளைகள், அப்படியானால் புதிதாக வருகிற யாரையும் நம்பக்கூடாதா என்று கேட்பார்கள். நம்பாமல் ஓப்பன் சோர்ஸ் ஒரு நாள் ஓடாது. ஆனால் நம்பிக்கையை ஆள் மேல் மட்டும் வைக்காமல், சரிபார்க்கக்கூடிய பொருள் மேலும் வைக்கலாம். ரெப்போவும் டார்பாலும் ஒன்றுதானா என்று மெஷினே ஒப்பிடலாம். ஒரே கோட்டை இரண்டு பேர் தனித்தனியாக பில்ட் செய்தால் பைட் மாறாமல் ஒரே ஃபைல் வர வேண்டும் என்று டெபியனில் 2013-லிருந்து ஒரு முயற்சி நடக்கிறது, ரீப்ரொட்யூசிபிள் பில்ட்ஸ் என்று பெயர். தனியாளாகத் தள்ளாடும் அப்ஸ்ட்ரீமுக்குக் கீழே இருப்பவர்கள் கை கொடுப்பதும் இதில் சேர்த்திதான். காலினுக்கு உதவி தேவைப்பட்டபோது கை நீட்டியது யார் என்று நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும் என்றும் இல்லை. ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால், திருத்தம் தயாராகும் வரை டிஸ்ட்ரோக்கள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது. லினக்ஸ் டிஸ்ட்ரோக்களுக்கான அந்த இடத்தில் அதிகபட்சம் 14 நாள்தான் மூடி வைக்கலாம், அதற்கப்புறம் வெளியே வந்தே ஆக வேண்டும். ரகசியத்துக்கும் ஒரு கடைசித் தேதி எழுதி வைத்திருக்கிறார்கள், அதுதான் எனக்கு இதில் பிடித்தது.

சரி, இதையெல்லாம் நீங்களே எப்படிப் பார்ப்பது? டெபியனோ உபுண்டுவோ இருந்தால், சோர்ஸ் பேக்கேஜ்களுக்கான வரியை இயக்கிவிட்டு, ஆப்ட் சோர்ஸ் (apt source) கட்டளையில் ஏதாவது ஒரு பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். இறங்கியதும் உள்ளே டெபியன் என்று ஒரு ஃபோல்டர், பல பேக்கேஜ்களில் அதற்குள் பேட்ச்சஸ் என்று இன்னொன்று. அப்ஸ்ட்ரீம் கொடுத்ததற்கு மேல் டெபியன் என்னென்ன மாற்றியது என்பது அங்கே தனித்தனி ஃபைலாக இருக்கும். ஒழுங்காகப் பராமரிக்கும் பேக்கேஜில் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் சில வரிகள் இருக்கும்: என்ன மாற்றம், யார் எழுதியது, எந்த பக்குக்காக, கடைசியாக எப்போது தொட்டது. அப்புறம் 'ஃபார்வர்டட்' என்று ஒரு வரி. மேலே அனுப்பியிருந்தால் அதன் இணைப்பு அங்கே இருக்கும், அனுப்பவில்லை என்றால் இல்லை, டெபியனுக்கு மட்டும் உரியது என்றால் தேவையில்லை என்று எழுதுவார்கள். நான் எந்த பேக்கேஜைத் திறந்தாலும் முதலில் இந்த வரியைத்தான் தேடுவேன். அது காலியாக இருக்கும் பழைய பேட்ச் ஒன்று கண்ணில் பட்டால், அதை எடுத்துப் படித்து, மேலே போகவேண்டியதா என்று கேட்பது புதிதாக வருகிறவருக்கு நல்ல முதல் வேலை.

ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பேக்கேஜையே இறக்கிப் பாருங்கள். சிஸ்டம்டி விஷயம் நல்லபடியாக முடிந்தது. 2024 ஜூலையில் வந்த 9.8 வெர்ஷனில், அந்த லைப்ரரியே இல்லாமல் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்லும் சின்னக் கோட்டை ஓப்பன்எஸ்எஸ்ஹெச் ஆட்களே எழுதிச் சேர்த்தார்கள், கீழே இருந்தவர்களுக்கு அந்தப் பழைய இணைப்பு தேவைப்படாமல் போனது. அதே ஃபோல்டரில் ஜிஎஸ்எஸ்ஏபிஐ என்ற பெயரில், வேறொரு லாகின் முறையைச் சேர்க்கும் ஒரு பெரிய பேட்ச் பல வருடமாக டெபியனில் ஓடியது. அதன் தலையில் எழுதியிருந்ததைப் படிக்க வேண்டும். அப்ஸ்ட்ரீம் இதை ஏற்கவில்லை, கோடு மோசம் என்பதற்காக இல்லை, லாகினுக்கு முன்பே தாக்கக்கூடிய பரப்பு கூடுகிறது என்பதால் அவர்களுக்கு விருப்பமில்லை, ஆனாலும் டெபியனில் நிறையப் பேர் இதை நம்பியிருப்பதால் நாங்கள் வைத்திருக்கிறோம் என்ற பொருளில் இரண்டு பக்க நியாயத்தையும் எழுதி, அப்ஸ்ட்ரீமின் பக் எண்ணையும் கொடுத்திருந்தார்கள். எக்ஸ்இசட்டுக்குப் பிறகு அந்தப் பகுதியைத் தனி பேக்கேஜாகப் பிரிக்க டெபியன் திட்டமிட்டபோது யாரும் புதிதாகத் துப்புத் துலக்க வேண்டியிருக்கவில்லை, காரணம் எல்லாம் அந்த ஃபைலின் தலையிலேயே இருந்தது.